வருக, வில்மா

6 அக்டோபர் 2024

அன்புள்ள டார்லா அக்காவுக்கு,

மிண்டி எழுதுகிறேன். நானும் ரைலனும் கை கால் சேதமில்லாமல் இருக்கிறோம். நீயும் லைல் அத்தானும் சுகந்தானே? உன் முழங்கால் வலி தேவலையா?

ஓரிகன் மாநிலத்துக்கு வந்துவிட்டோம். எந்த ஊர் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். என்னைப் போல் புருஷனுக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்கு இங்கே மாநில அரசே ஒரு தபால் பெட்டி எண் கொடுக்கிறது. அதற்கு எழுது. தலைநகரத்தில் யாரோ ஒருவர் உறையைப் பிரிக்காமல் என் வீட்டுக்குத் திருப்பி விடுவார். தாமதமாகும், பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தைக்கூட நான் இருக்கும் ஊரில் போடவில்லை.

போன் கிடையாது. மின்னஞ்சல் கிடையாது. பழைய போனை வழியில் ஒரு பெட்ரோல் பங்கின் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். வங்கி, மருத்துவர், பள்ளிக்கூடம் எல்லாம் புதிது. என்னை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் கர்ட்டுக்கு உத்தரவு போட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் என் மணிக்கட்டை அவன் உடைத்த அன்றும் அந்த உத்தரவு குளிர்பதனப் பெட்டியின் மேல்தான் ஒட்டியிருந்தது.

நேற்று ரைலன் கேட்டான்: "அம்மா, நாம ஒளிஞ்சு விளையாடுறோமா?" ஆமாம் என்றேன். "எப்ப முடியும்?" என்றான். ஆறு வயதுப் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

நான் எழுதியதை யாரிடமும் சொல்லாதே. அத்தானிடம்கூட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
மிண்டி


27 அக்டோபர் 2024

என் அருமை மிண்டிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை வந்தபின் மறந்துவிடுகிறது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம். அடுப்பில் வைத்ததைக் கருகவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன்.

கர்ட் வந்தான். வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

"அவ எங்கன்னு உனக்குத் தெரியும் டார்லா."

"தெரிஞ்சா உன்கிட்டயா சொல்லுவேன்?"

"எம் புள்ளைய நான் பாக்கக் கூடாதா?"

"புள்ள முன்னாடி அடிக்கும்போது இந்தப் பாசமெல்லாம் எங்கடா போச்சு?" என்று கேட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ பயப்படாதே. என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. நன்றாகச் சாப்பிடு. இன்னொன்று, காய்ச்சல் மருந்தில் அந்த ஊதா நிறத்தது ரைலனுக்கு ஒத்துக்கொள்ளாது. போன வருஷம் குடித்துவிட்டு என் சோபா முழுக்க வாந்தி எடுத்தானே, மறந்துவிட்டாயா? சிவப்பையே வாங்கு.

முத்தங்களுடன்,
டார்லா


12 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா?

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். ரைலனுக்குக் காய்ச்சல் வந்ததென்று நான் உனக்கு எழுதவில்லை. ஊதா மருந்து வாங்கினேன் என்றும் எழுதவில்லை. ஆனால் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, நான் வாங்கியதும் ஊதாதான். அவன் வாந்தி எடுத்ததும் நிஜம். உனக்கு எப்படித் தெரியும்?

உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் திரைகளை இழுத்து மூடினேன். எதிர் வீட்டுக் கிழவர் இலை கூட்டுவதைக்கூட இப்போது ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லைல் அத்தான் தினமும் காலையில் தானியக் கிடங்கில் காபி குடிப்பார். கர்ட்டும் அங்கே வருவான். அத்தான் யாரிடமாவது எதையாவது விசாரித்தாரா? சந்தேகப்படுகிறேன் என்று கோபப்படாதே. சந்தேகப்பட்டதால்தான் உயிரோடு இருக்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து,
மிண்டி


18 டிசம்பர் 2024

அன்பு மிண்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமறிய ஆவல். எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

மழை பிடிக்கும் மாதத்தில் எந்தப் பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வராது? பொதுவாகச் சொல்லி வைத்தேன். நீதான் அதற்குக் காது மூக்கு வைக்கிறாய். லைலை இதில் இழுக்காதே. அவருக்கு மாட்டுத் தீவன விலையைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியாது.

நம் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் ஜோடனை முடிந்தது. இந்த முறையும் தேவதைக்கு ஒரு சிறகுதான். நீ இல்லாத கிறிஸ்துமஸ் எனக்குப் பிடிக்கவில்லை. எப்படியும் கோலாச்சி பன் சுடுவாய், நம் வீட்டுப் பெண் சுடாமல் இருக்க மாட்டாள். ஆனால் பூரணத்துக்குப் பாப்பி விதை ஒரு டப்பா எந்த மூலைக்கு? பூரணம் நிறைய இல்லாவிட்டால் அது வெறும் பன்தான். இன்னொரு டப்பா வாங்கிக்கொள்.

பண்டிகை வாழ்த்துகளுடன்,
டார்லா


9 ஜனவரி 2025

டார்லாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

ஒரு டப்பா. ஆமாம், ஒரே ஒரு டப்பா பாப்பி விதைதான் வாங்கினேன். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்குள் வைத்துவிட்டேன். நீ எங்கே நின்று பார்த்தாய்?

இங்கே பெண்கள் மையத்தில் யோலண்டா என்று ஒருத்தி எனக்கு உதவுகிறாள். இந்த மாநிலத்தில் போன வருஷம் ஒரு சட்டம் வந்திருப்பதாகச் சொன்னாள். ஒரு பெரிய வியாபார நிறுவனத்திடம் போய், "என்னைப் பற்றி என்னவெல்லாம் வைத்திருக்கிறாய், யார் யாருக்கு விற்றாய், பெயரோடு சொல்" என்று நாம் கேட்கலாமாம். அவர்கள் சொல்லித்தான் தீர வேண்டுமாம். போன் நிறுவனம், வாடகை வீடு தேடிய இணையதளம், கார் காப்பீடு, எனக்குக் கணக்கு இருக்கும் ஓரிடம் விடாமல் கேட்டுவிட்டேன். வந்த பதில்களில் என் காலணி அளவுகூட இருக்கிறது. மருந்தும் இல்லை, பாப்பி விதையும் இல்லை.

யோலண்டா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கம்பெனிங்க பக்கம் ஒண்ணும் கசியல மிண்டி. மனுஷங்க பக்கம் பாரு."

மனுஷர்கள் பக்கம் எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய். ஆள் வைத்துப் பார்க்கிறாயா? எனக்காகவா, அவனுக்காகவா? எப்படித் தெரிந்ததென்று எழுதும்வரை இனி என்னிடமிருந்து கடிதம் வராது.

மிண்டி


2 பிப்ரவரி 2025

என் மிண்டிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அது எப்படித் தெரியும் என்பதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

ஃபேர்லேன் கடையில் சாமான் வாங்கிவிட்டுத் தள்ளுபடிக்காக எந்த எண்ணை அழுத்துகிறாய்? அம்மா வீட்டுத் தொலைபேசி எண்ணைத்தானே? நானும் அதைத்தான் அழுத்துகிறேன். நம் குடும்பத்தில் எல்லோரும் அதைத்தான் அழுத்துவோம். அம்மா செத்து இரண்டு வருஷமாகியும் யாரும் நிறுத்தவில்லை. நான் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன், அம்மாவின் பழைய போனும் என்னிடம் இருக்கிறது. அதில் அந்தக் கடையின் செயலியும் இருக்கிறது. அந்த எண்ணில் யார் எதை வாங்கினாலும் அதில் வந்துவிடும்.

நீ ஓடிப்போன பிறகு ஒரு நாள் தள்ளுபடிச் சீட்டு தேடித் திறந்தேன். பால், ரொட்டி, ரைலன் பாலில் போட்டுத் தின்னும் தேன் வளையங்கள். கீழே கடையின் ஊர்ப் பெயர். கழுவிய கையைத் துடைக்காமல் அப்படியே நின்று அழுதேன். உயிரோடு இருக்கிறாள், பிள்ளைக்குப் பால் வாங்குகிறாள் என்று.

அன்றிலிருந்து தினமும் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பார்ப்பேன். பூனைத் தீனி வந்த அன்று சிரித்தேன். ஒரு வாரம் ஒன்றுமே வராதபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் நீ அந்த எண்ணை விட்டுவிடுவாய். அப்புறம் எனக்கு உன்னைப் பார்க்க என்ன இருக்கிறது? அதனால்தான் சொல்லவில்லை. புத்தி சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, நாக்கில் சனி.

வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான். கோபித்துக்கொள், ஆனால் எழுது.

டார்லா


15 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை.

உனக்கு மட்டும்தானா? அம்மாவின் போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தது யார்? நன்றாக யோசி. நன்றி அறிதல் நாள் விருந்து, எல்லோரும் சமையலறையில் இருந்தோம். "குடுங்கத்தே, நான் போட்டுத் தர்றேன்" என்று சோபாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தது கர்ட். கடவுச்சொல் அவன் வைத்தது. அதற்கான மின்னஞ்சலும் அவன் திறந்தது. அம்மாவுக்கு மின்னஞ்சல் ஏது?

நீ பார்த்ததையெல்லாம் அவனும் பார்க்கலாம். அந்த ஊர்ப் பெயரையும்.

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று இப்போது தெரிகிறது. ஊர் ஊராகத் தடயத்தை அழித்துவிட்டுப் பால் வாங்கும்போது அந்த எண்ணை அழுத்தியிருக்கிறேன். விரல் அதுவாகவே அழுத்தியது. அழுத்தினால் அந்தச் சின்னத் திரையில் "வருக, வில்மா" என்று வரும். இந்த ஊரில் என்னை வா என்று சொல்லும் ஒரே ஆள் நம் அம்மாதான் அக்கா. அதற்காகவே சில நாள் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கப் போவேன்.

கணக்கை அழிக்கச் சொல்லிக் கடைக்குச் சட்டப்படி எழுதினேன். "இந்தக் கணக்கு நெப்ராஸ்காவில் இருக்கும் வில்மா என்பவருடையது, உங்களுடையதல்ல" என்று பதில் வந்தது. இந்த மாநிலச் சட்டம் இங்கே வசிப்பவர்களுக்கு. நான் தின்றது, என் பிள்ளை குடித்தது எல்லாம் செத்துப்போனவள் பெயரில், வேறு மாநிலத்தில் கிடக்கிறது. உங்கள் மாநிலத்திலும் ஜனவரியில் அப்படியொரு சட்டம் வந்திருக்கிறதாம். அந்தத் தொலைபேசி இப்போது உன் பெயரில்தான் இருக்கிறது. நீ கேள். உடனே கேள்.

நான் வேறு ஊருக்கு மாற வேண்டும். இடம் எங்கேயும் காலியில்லை. மார்ச் கடைசிக்குள் பார்க்கிறேன் என்கிறாள் யோலண்டா.

மிண்டி


9 மார்ச் 2025

என் மிண்டிக்கு,

நீங்கள் பத்திரமாக இருக்க மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் இல்லை.

கடவுச்சொல்லை மாற்றப் பார்த்தேன். மாற்றினால் அந்த மின்னஞ்சலுக்குத்தான் குறியீடு போகிறது. கடைக்குப் போன் செய்தேன்.

"கணக்கு யார் பேர்ல இருக்கு மேடம்?"

"எங்கம்மா பேர்ல."

"அவங்களயே பேசச் சொல்லுங்களேன்."

"அவங்க செத்துட்டாங்கப்பா."

"ரொம்ப வருத்தம் மேடம். அப்போ அவங்க மின்னஞ்சல்லேருந்து ஒரு கோரிக்கை அனுப்பச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, சட்டத்தின் பெயரைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். இப்போது மேலதிகாரி ஒருத்தி வந்தாள். வீட்டுத் தொலைபேசிக்கே அழைத்துச் சரிபார்த்துக்கொண்டாள். அழித்துவிடுவார்களாம். ஆனால் நாற்பத்தைந்து நாள்வரை ஆகலாமாம், சட்டமே அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறதாம்.

இனிமேல்தான் விஷயம். வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் தவக்கால மீன் விருந்து. கர்ட் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

"என்ன அக்கா, மீன் நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருந்துச்சு, நீ வர்ற வரைக்கும்."

சிரித்தான். "எம் புள்ள பூனை வளக்குறான் போலிருக்கே. எனக்குப் பூனைன்னாலே தும்மல் வரும், தெரியும்ல?"

கையிலிருந்த மீன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "மாடுங்க கன்னு போடுற சீசன் முடியட்டும், மேற்கே ஒரு நீளப் பயணம் போகணும்," என்றான். பிறகு சாஸ் கேட்டு வாங்கித் தின்றான்.

லைலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு, "அந்த நம்பர நாம வேற ஊர்ல அழுத்துனா என்ன?" என்றார். மாட்டுத் தீவனம் தவிர ஒன்றும் தெரியாதென்று நான் எழுதினேனே, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நீ மறந்தும் அந்த எண்ணைத் தொடாதே. நாங்கள் மொன்டானாவில் பில்லிங்ஸுக்குப் போகிறோம், லைலின் சித்தி வீடு இருக்கிறது. அங்கே ஃபேர்லேன் கடை உண்டு. தேன் வளையங்கள், பூனைத் தீனி, பால் என்று உன்னைப் போலவே வாங்குவேன். நீ அங்கே குடிமாறிவிட்டாய் என்று அவன் நினைக்கட்டும். நீ மாறும்வரை அவன் உன் பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

பிரார்த்தனைகளுடன்,
டார்லா


21 மார்ச் 2025

அக்காவுக்கு,

ரைலன் நலம். நான் தூங்குவதில்லை. உங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது.

உன் கடிதத்தை யோலண்டாவிடம் காட்டினேன். "நல்ல யோசனைதான், உங்கக்காவ நம்புறியா?" என்று கேட்டாள். மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நீ எழுதும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாயோ என்றுகூடத் தோன்றியது. எழுத்து நடுங்கியிருக்கிறதா என்று கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அஞ்சு மாதம் என் சமையலறைக்குள் நின்றுகொண்டு, நிற்கிறேன் என்று சொல்லாதவள் நீ. அவனும் அதைத்தான் செய்தான். அவனுக்கும் உனக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது சின்ன வித்தியாசம்.

எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மாட்டேன்.

உண்மை தெரிந்த நாளிலிருந்து அந்த எண்ணைத் தொடவில்லை. நேற்று கடையில் பெண் கேட்டாள், "நம்பர் இருக்கா?" இல்லை என்றேன். வண்டியில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

அவன் கண்ணில் பட்டுவிடாதே அக்கா. அவன் கை உனக்குத் தெரியாது.

மிண்டி


14 ஏப்ரல் 2025

என் மிண்டிக்கு,

நாங்கள் வீடு திரும்பிவிட்டோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எங்கிருந்தாலும் நலமாக இருங்கள்.

வந்தான். பில்லிங்ஸ் கடையின் வண்டி நிறுத்தத்தில் பார்த்தேன், நம் மாவட்ட எண் போட்ட அதே சாம்பல் நிற வண்டி. நான் தள்ளுவண்டி நிறையப் பூனைத் தீனியோடு கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன். லைல் பின்வாசல் வழியாக என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக் கடை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பிள்ளையோடு போகிற ஒவ்வொரு பெண்ணையும் அவன் குனிந்து குனிந்து பார்த்தான். மறுநாளும் வந்தான். ஒருத்தி உன்னைப் போலவே நீலக் கோட்டு போட்டிருந்தாள். கதவைத் திறந்து இறங்கிவிட்டான். கிட்டே போய் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அவன் கையில் என்ன இருந்ததென்று நான் எழுத மாட்டேன். போலீஸைக் கூப்பிட்டோம். அதைக் கையில் வைத்திருப்பது அந்த மாநிலத்தில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேசி வண்டியை எடுக்க வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். உன்னைக் காட்டிக் கொடுத்தது என் ஆசைதான். சின்ன வித்தியாசம் என்று எழுதினாயே, சரிதான்.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து கூப்பிட்டார்கள். எல்லாம் அழிக்கத் தயார் என்றாள் அந்தப் பெண். "அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நகல் உங்களுக்கு அனுப்பணுமா மேடம்? சட்டப்படி நீங்க கேக்கலாம்," என்றாள். அம்மா வாங்கின மாவு முதல் நீ வாங்கின எலுமிச்சம்பழம்வரை எல்லாம் இருக்குமாம். லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

இப்போது நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இன்று என்ன சாப்பிட்டாய் என்றும் தெரியாது. காலையில் ரொட்டித் தட்டோடு உட்கார்ந்தால் எதிரே எதுவும் இல்லை. எழுத வேண்டுமென்று கேட்க எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் தபால்காரர் வரும் நேரம் வாசலில் நிற்பேன்.

உன் அக்கா,
டார்லா


30 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த வயதில் தள்ளுவண்டியோடு ஓட விட்டுவிட்டேன்.

ஊர் மாறிவிட்டோம். எந்தத் திசையில் என்றுகூடக் கேட்காதே. தபால் பெட்டி எண் மேலே இருக்கிறது, அது போதும். உன்னை முழுக்க நம்புகிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். யாரையுமே முழுக்க நம்ப என்னால் இப்போதைக்கு முடியவில்லை. கதவு தட்டினால் இன்னும் ரைலனை அலமாரிக்குள் அனுப்புகிறேன்.

எழுதவே கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் நேற்று ரைலனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கீழ்வரிசையில் முதல் பல். சோளம் கடித்தபோது கையோடு வந்தது. ரத்தத்தைப் பார்த்து அழப் போனவன், கண்ணாடியில் ஓட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "பெரியம்மாகிட்ட சொல்லலாமா, இல்ல இதுவும் ரகசியமா?" என்று கேட்டான்.

இதற்கு எந்தக் கடையும் ரசீது போடாது. நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன்.

லைல் அத்தானிடமும் சொல்.

உன் தங்கை,
மிண்டி